இணைச்சீருக்கு எடுத்த அரக்குச் சேலை

2.9.2004, வியாழன்

காலையிலிருந்து ஊமை வெயில். பனியன் கம்பெனியில் லீவு கேட்டேன். சூப்பர்வைசர் முகத்தைச் சுளித்தார். “ஷிப்மெண்ட் நேரத்துல கல்யாணமா?” “என் தம்பிக்குங்க” என்றேன். சனிக்கிழமை ஒரே ஒரு நாள் கொடுத்தார்.

சாயங்காலம் தம்பி செந்திலோடு சேலைக்கடை. பெண்ணுக்குக் கூறைச்சேலை, அம்மாவுக்கு ஒன்று, இணைச்சீர் செய்கிறவளுக்கு ஒன்று. தாலிக்கு முன்னால் மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ மேடையில் கூட நின்று செய்கிற சீர். அவனோடு கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான். செய்யப்போவது பெரியப்பா மகள் சுமதி. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறதே. “நாலு பேரு பேசுவாங்க கண்ணு” என்று அம்மா சொல்லிவிட்டாள். செந்தில் “செரிம்மா” என்றான். அவ்வளவுதான். வாயில் கொழுக்கட்டை.

கடையில் மட்டும் பேச்சு வந்தது: “உனக்குப் புடிச்சதா எடுக்கா.” சுமதிக்கு எதற்கு எனக்குப் பிடித்தது? கோபத்தில் நிஜமாகவே பிடித்ததை எடுத்தேன். அரக்கு, மாம்பழ மஞ்சள் கரை. பட்டு இல்லை, பட்டு மாதிரி. டியூப்லைட்டில் பிரித்துப் பார்த்தேன். “ஏனுங்க, ஏதாச்சும் கொறையா?” என்றார் கடைக்காரர். பன்னிரண்டு வருஷம் செக்கிங் டேபிளில் நின்ற கண், அதுவாகவே தேடுகிறது. ஒரு குறையும் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

3.9, வெள்ளி

தூறல். ஓவர்டைம் இல்லை, நல்லவேளை.

தக்காளி 5 கி.
தேங்காய் 20
வாழை இலை 50 (வருவது முப்பத்தெட்டுப் பேர்தான். இருக்கட்டும்.)
செந்தில் சட்டைக்குப் பட்டன்!!

டீ டைமில் பெண்கள் ஒரே கேலி. கல்யாணப் பெண் ரேவதி எங்கள் கம்பெனியில்தான் ஓவர்லாக் அடிக்கிறாள், ஊர் மூலனூர். செந்தில் கட்டிங் மாஸ்டர். இவன் வெட்டிய துணிக் கட்டெல்லாம் அவள் தையல் மெஷினுக்கே போனதை முதலில் பிடித்தது நான்தான். அப்போதே ரிஜெக்ட் செய்திருக்கலாம். மனசு வரவில்லை. நல்ல பெண்.

4.9, சனி

வெயில். சுமதி தாராபுரத்திலிருந்து வந்தாள். வந்ததும் முறுக்கு டப்பாவைக் காலி செய்தாள். அவள்மேல் கோபப்படலாம் என்று பார்த்தால் முடியவில்லை, சிரிக்க வைத்துவிடுகிறாள்.

அம்மா பூ நறுக்கிக் கொடுத்தாள். சுமதிக்கு, பக்கத்து வீட்டு அக்காவுக்கு, அவள் மகளுக்கு. என் முறை வந்ததும் பால் பொங்குகிறதென்று எழுந்து போனாள். அடுப்பில் பாலே இல்லை.

5.9, ஞாயிறு

கல்யாணம்! எழுத்தெல்லாம் கோணல்.

விடிந்ததும் கோயில் மண்டபம். நான் பின்கட்டில் இலை துடைத்துக்கொண்டிருந்தேன். கிழிந்ததெல்லாம் தனியாக. திடீரென்று மேளம் நின்றது. எட்டிப் பார்த்தேன். மேடையில் செந்தில், பக்கத்தில் அரக்குச் சேலையில் சுமதி. சீர் செய்துவைக்கும் பெரியவர் கூறைச்சேலையைக் கொசுவி வைத்துக்கொண்டு நிற்கிறார். ஒரு தலைப்பு மாப்பிள்ளை கக்கத்தில், மறு தலைப்பு அக்கா கையில். அதுதான் முறை.

“தம்பி, கைய ஒசத்துங்க.”

செந்தில் கையை உடம்போடு ஒட்டி இறுக்கிக்கொண்டான்.

“கை வலிங்களா?”

“இல்லீங்க. எங்கக்கா வரட்டுங்க.”

“அக்காதானுங்களே நிக்குது.”

“கூடப் பொறந்த அக்காங்க.”

“டேய், மானத்த வாங்காதடா” என்றாள் அம்மா. அவன் நிதானமாக, “நேரமாவுதும்மா” என்றான். அந்த “செரிம்மா”வுக்குள் இத்தனை இருந்திருக்கிறது!

நாலு பேர் பேசுவார்கள் என்று பார்த்தேன். ஒருத்தர்தான் பேசினார், ரேவதியின் அப்பா: “அக்காவ வரச் சொல்லுங்க. முகூர்த்தம் தாண்டீரும்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தரையைப் பார்த்தாள். அப்புறம், “போ. கையக் கழுவீட்டு வா” என்றாள்.

“எனக்கு மொதல்ல இருந்தே மனசில்ல அக்கா” என்று சுமதி என்னை அறைக்குள் இழுத்துப்போனாள். சேலையை மாற்றிக்கொண்டோம். என் பச்சைக் காட்டன் அவளுக்கு. அவள் ரவிக்கைக்குள் என் கை நுழையவில்லை. இரண்டு பேருக்கும் சிரிப்பு. கடைசியில் அரக்குச் சேலைக்கு என் சாம்பல் ரவிக்கை. செக்கிங் டேபிளில் வந்திருந்தால் நானே தள்ளியிருப்பேன்.

போய் நின்றேன். அவன் கை தானாக உயர்ந்தது. அழுதேன். இவ்வளவு சந்தோஷமாக நான் அழுததே இல்லை.

தாலி கட்டியாயிற்று. ரசத்தில் உப்பில்லை. யாரும் கண்டுகொள்ளவில்லை. பாயசம் இரண்டு முறை. இலை 12 மீதி.

6.9, திங்கள்

வானம் மூடாப்பு, வெயிலே இல்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் மூலனூரில். சுமதி முதல் பஸ்ஸில் போனாள். என் பச்சைக் காட்டனும் அவளோடு போயிற்று.

ஏழரைக்குக் கம்பெனி வண்டி. அரக்குச் சேலையையே கட்டிக்கொண்டேன்.

“வேலைக்கா இதக் கட்டீட்டுப் போற?” அம்மா.

“ஆமாம்மா.”

விடுவிடுவென்று உள்ளே போனாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். ஈரத்துணியில் சுற்றிவைத்திருந்த நேற்றைய பூவோடு வந்தாள். ஒரு முழம் அளந்து நறுக்கினாள்.

“திரும்பு கண்ணு.”

ஹேர்பின் தலையில் குத்தியது. வலிக்கிறதென்று சொல்லவில்லை.