மூன்று சொற்களில் நான் எடுத்த சொல்

லோகன், பிரிஸ்பேன்
ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து

அன்புள்ள பிசிலாவுக்கு,

உன் நாத்தனார் தெலேசியா எழுதுகிறேன். நீயும் தம்பி லிசியாதேவும் பிள்ளைகள் இருவரும் சுகமாக இருக்க வேண்டுமென்று இன்று காலையும் முழங்காலிட்டேன். என் உடம்புக்குக் குறை ஒன்றுமில்லை. முதியோர் இல்லத்துச் சலவைக்கூடத்தில் வேலை எப்போதும்போலத்தான். போர்வைகள் குறைவதில்லை, போர்த்திக்கொள்கிறவர்கள்தான் குறைகிறார்கள்.

போதகர் மனைவி வீகா வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தாள். நீ கொடுத்தனுப்பிய தாழம்பாயை மடிய விடாமல், விமானத்தில் சண்டை பிடித்துத் தன் பக்கத்திலேயே வைத்துக் கொண்டுவந்திருக்கிறாள். அந்தப் பாய் சுருட்டியது சுருட்டியபடி என் கட்டில்மேல் கிடக்கிறது. இரண்டு நாளாக நான் சோபாவில் படுக்கிறேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். உன் வீட்டில் போன் மணி அடித்தால் லிசியாதே அதை எல்லோரும் கேட்கும்படி சத்தமாக வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வான். நான் சொல்லப்போவது அக்காள் வாயிலிருந்து தம்பி காதில் விழக்கூடாத விஷயம். அக்காள் தம்பிக்கு நம் தீவில் உள்ள வழக்கப்படி, பத்து வயதுக்குப் பிறகு நானும் அவனும் ஒரே கூரையின் கீழ் படுத்ததில்லை, ஒரு சினிமாவைச் சேர்ந்து பார்த்ததில்லை. இந்த வயதில் அதை மாற்ற முடியாது. நீ அவன் பெண்டாட்டி, நீ சொல்லலாம். வீகா செவ்வாய்க்கிழமை திரும்புகிறாள், அவள் கையிலேயே தருகிறேன். சமையல் கொட்டகையில் தனியாக உட்கார்ந்து படி.

விளையாட்டைத் தேர்ந்தெடுத்த கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். சுற்றி வளைக்கிறாள் என்று நினைப்பாய். ஆமாம், வளைக்கத்தான் செய்கிறேன்.

போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தபோது ஃபுசியும் பெனியும் என் முன்னால் தலை குனிந்து நின்றார்கள். கேட்டதற்குப் பதில் சொன்னார்கள், நான் கொண்டுவந்த சட்டைகளைப் போட்டுக் காட்டினார்கள், அவ்வளவுதான். நான் அவர்கள் அப்பாவுக்கு அக்காள். கல்யாணமானாலும் சாவானாலும் என்னை மேலிடத்தில் உட்காரவைத்து என் முன்னால் பாய்களை அடுக்குகிறீர்கள். மேலிடத்தில் இருப்பவளோடு எந்தப் பிள்ளை சிரித்துப் பேசும்? எனக்கென்று ஒரு பிள்ளை இல்லை என்பது உனக்குத் தெரியும். அதனால்தான் இங்கே திரும்புமுன், போனில் ஏதாவது சேர்ந்து விளையாடலாமா என்று வெட்கத்தை விட்டு அவர்களிடம் கேட்டேன்.

என்னோடு வேலை பார்க்கும் ஷெரில், பெர்த்தில் இருக்கும் தன் தங்கை பிள்ளைகளோடு வாராவாரம் இப்படி விளையாடுகிறவள். அவளிடம் யோசனை கேட்டேன். "இலவசம்னு போட்டிருக்கிறதெல்லாம் இலவசம் இல்ல டெல். வாசல்ல நின்னு சும்மா வா வான்னு கூப்பிடுவான். உள்ள போனா நாற்காலில உக்கார காசு கேப்பான்" என்றாள். அவள் சொன்னது சரி. பண்ணை விளையாட்டு ஒன்றில் காரட் நட்டோம். மூன்று தரம் தண்ணீர் ஊற்றியதும் நாலாவது தரத்துக்குக் காசு கேட்டது. கார்ப் பந்தயத்தில் உன் பழைய போன் சூடேறி அணைந்துபோனது.

பெனிக்குத் துப்பாக்கி விளையாட்டுத்தான் வேண்டும். சரி என்று ஒரு சனிக்கிழமை இறங்கினேன். இறங்கின இடத்திலேயே என்னைச் சுட்டுவிட்டார்கள். சுட்டது பெனிதான் என்று பிறகு தெரிந்தது. "தெரியாம சுட்டுட்டேன் அத்தே, மன்னிச்சிடுங்க" என்று பத்துத் தரம் எழுதினான். அத்தையைச் சுட்டவன் நம் குலத்திலேயே அவன் ஒருவன்தான் என்று நான் கேலி செய்தேன். அவனுக்கு அது ஆகவில்லை, அடுத்த வாரம் அவனே அந்த விளையாட்டு வேண்டாமென்றான். பொம்மைகளுக்கு உடுத்தி ஜோடி ஜோடியாக ஆடவிடும் விளையாட்டு ஒன்று இருந்தது. அண்ணன் தங்கை இருவரும் சேர்ந்து பார்க்கும்படி இருக்காது என்று அதை நானே தள்ளினேன். பார்த்தாயா, அப்போது எனக்குப் புத்தி இருந்தது.

கடைசியில் படம் வரையும் விளையாட்டைப் பிடித்தோம். ஒருவர் வரைய, மற்றவர்கள் அது என்னவென்று எழுத வேண்டும். முதலில் சரியாக எழுதியவருக்கு அதிகப் புள்ளி. காசு கிடையாது, பழைய போனிலும் ஓடியது. வெளி ஆள் யாரும் நுழையாதபடி பூட்டிவைக்க ஷெரில் சொல்லித் தந்தாள். அதைச் செய்துவிட்டு நான் எவ்வளவு பெருமைப்பட்டேன் தெரியுமா? பெனி வெளியே சீமைப்பலா மரத்தடியில், ஃபுசி வீட்டுக்குள், நான் இங்கே சமையலறையில். அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு பக்கம் இருக்கிறார்கள், வழக்கத்துக்கும் பழுதில்லை என்று நினைத்தேன். ஆனால் இரண்டு பேர் கண்ணும் ஒரே நேரத்தில் ஒரே படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பது என் மண்டைக்கு எட்டவில்லை.

நாலு மாதம் விளையாடினோம். சனிக்கிழமை இங்கே இரண்டு மணி, அங்கே ஐந்து. ஞாயிற்றுக்கிழமை தொட்டதே இல்லை, சத்தியம். எனக்கு வரைய வராது. நான் பன்றி வரைந்தால் "அப்பாவோட வண்டி" என்று எழுதுவாள் ஃபுசி. போன் சரியில்லை, விரல் தடிமன் என்று நான் சாக்குச் சொல்வேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான். மூன்றாவது மாதத்தில் ஃபுசி எனக்கு ஒரு பட்டம் கொடுத்தாள். "தோத்தாங்கோளி அத்தே, வந்தாச்சா?" என்பதுதான் சனிக்கிழமை எனக்கு முதல் வார்த்தை. லிசியாதே கேட்டிருந்தால் அவள் தோலை உரித்திருப்பான். எனக்கோ அதைக் கேட்பதற்காகத்தான் வாரம் முழுக்கப் போர்வை மடிப்பதுபோல் இருந்தது.

இனி வளைக்க இடமில்லை பிசிலா.

அந்தச் சனிக்கிழமை, கடைசிச் சுற்று, வரையும் முறை என்னுடையது. விளையாட்டு மூன்று சொல் தரும், ஒன்றை எடுக்க வேண்டும், யோசிக்கப் பத்தே நொடி. ஒட்டகச்சிவிங்கி வந்தது. புல் வெட்டும் எந்திரம் வந்தது. மூன்றாவதாக முத்தம் வந்தது. ஒட்டகச்சிவிங்கிக்கு என் கை வராது. எந்திரம் அதைவிட மோசம். முத்தம் என்றால் இரண்டு வட்டம், நடுவில் உதடு, மேலே ஓர் இதயம். சுலபம் என்று எடுத்துவிட்டேன். இங்கே டிவியைத் திறந்தால் செய்திக்கும் சோப்பு விளம்பரத்துக்கும் நடுவே அதுதான். பத்தொன்பது வருடத்தில் என் கண் மழுங்கிவிட்டது. நான் வரைந்தது என்ன, யார் யார் பார்க்கிறார்கள் என்று அந்தப் பத்து நொடியில் எனக்குத் தோன்றவே இல்லை.

ஃபுசி பெனியைவிட நாலு புள்ளி பின்தங்கியிருந்தாள். ஜெயிக்கிற அவசரத்தில், நான் இதயத்தை முடிக்குமுன்னே எழுதிவிட்டாள். மணி அடித்தது. ஃபுசி சரியாகச் சொன்னாள் என்று பச்சை எழுத்தில் மூன்று போனிலும் வந்தது. ஒரு பெண்பிள்ளை, அண்ணன் பார்த்துக்கொண்டிருக்க, அந்தச் சொல்லை எழுதி, அதற்கு மணியும் வாங்கினாள். உடனே பெனியின் பெயர் மங்கிப்போனது. நான் இணைப்பு போய்விட்டதாக நினைத்து, திரும்ப வருவான் என்று சும்மா ஒரு பூ வரைந்துகொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஃபுசியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "அத்தே, நீங்க யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லாதீங்க. நான் பாத்துக்கறேன்." அதற்குப் பிறகு அவளிடமிருந்து ஒரு எழுத்தும் இல்லை.

இரண்டு நாள் கழித்து நீ எழுதினாய். பெனி போனை மரத்தடியிலேயே போட்டுவிட்டுப் போனதையும், லிசியாதே உள்ளே வந்தபோது ஃபுசி அந்தப் படத்தை வைத்துக்கொண்டு சிலைபோல் உட்கார்ந்திருந்ததையும் எழுதியிருந்தாய். யார் வரைந்தது என்று அவன் கேட்டதற்கு, "நாந்தான்ப்பா" என்றாளாம். அத்தை இருக்கும் இடத்தில் இப்படி அசிங்கம் வரைந்துவிட்டாள், எங்களை மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணி என்று முடித்திருந்தாய்.

வரைந்தது நான் பிசிலா. நான்தான் வரைந்தேன். அத்தைமேல் பழி சொல்வது நம் பிள்ளைகளுக்கு ஆகாத காரியம் என்பதால், அந்தப் பதினாலு வயதுக் குழந்தை தன்மேல் போட்டுக்கொண்டது. பெனிக்கும் உண்மை தெரியும். அவன் எப்படிச் சொல்வான்? தன் தங்கையையும் அந்தச் சொல்லையும் சேர்த்துச் சொல்ல அவன் வாய் எழாது. சொல்ல முடிந்தவள் நான் ஒருத்திதான். நான் என்ன பதில் எழுதினேன் என்று உனக்கு நினைவிருக்கும். "சரி, கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று எழுதினேன். என் குற்றத்தை அவர் தலையில் தூக்கி வைத்துவிட்டு மூன்று வாரம் சும்மா இருந்தேன். ஃபுசி சொல்லாதே என்றாளே, அவள் சொன்னபடி நடக்கிறேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். குழந்தையின் பின்னால் ஒளிந்துகொண்டேன் என்பதுதான் நிஜம்.

உண்மையைச் சொன்னால் நீங்கள் இனி என்னை எப்படிப் பார்ப்பீர்கள் என்ற பயம்தான். இங்கே நான் அழுக்குத் துணி எண்ணுகிறவள். அங்கே வந்தால் மட்டும்தான் நான் ஓர் ஆள்.

வெள்ளிக்கிழமை வீகா என் சமையலறையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே மற்றதைச் சொன்னாள். பெனி வாலிபர் சங்கத்துக் கட்டடத்தில் படுக்கிறானாம், வீட்டில் சாப்பிடுவதில்லையாம். ஃபுசி பாடகர் குழுவுக்கு வருவதில்லையாம். வருகிற வெள்ளிக்கிழமைக் கப்பலில் அவளை ஹாபாய் தீவுக்கு, உன் மாமா வீட்டுக்கு அனுப்பப்போகிறானாம் லிசியாதே, பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு. "பொண்ணு அழக்கூட இல்ல தெலேசியா, துணிய மடிச்சுப் பெட்டில வச்சிட்டா" என்றாள். அப்புறம் அந்தப் பாயை எடுத்து என் மடியில் வைத்தாள். என் குற்றத்துக்கு நீங்கள் என்னிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பிய பாய்.

நான் ஒரு வார்த்தை சொன்னால் கப்பல் நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும். "ஃபுசி எங்கும் போகக்கூடாது, அக்காள் சொல்கிறாள்" என்றால் லிசியாதே காரணம் கேட்கமாட்டான். அந்த உரிமையை நேற்றே போனில் எடுத்திருப்பேன். ஆனால் அவன் தலை குனிந்து சரி என்பான், மகளைப் பார்க்கிற பார்வை மட்டும் மாறாது. அவள் வீட்டிலேயே இருந்துகொண்டு கெட்டுப்போன பெண்ணாக வளர்வாள். அது கப்பலைவிட மோசம். அதனால் என் உத்தரவைச் சொல்லாதே, உண்மையைச் சொல். இந்தக் கடிதத்தையே அவனிடம் கொடு. என் முகத்தைப் பார்க்காமல் அவன் படித்துக்கொள்ளட்டும். அதற்குப் பிறகு என்மேல் கோபப்பட்டாலும், பேச்சை நிறுத்தினாலும், நான் ஒன்றும் சொல்லமாட்டேன். பெனியை நீயே போய்க் கூட்டிக்கொண்டு வா. அவன் செய்ததில் தப்பில்லை, எழுந்து போனதுதான் மரியாதை என்று அத்தை சொன்னதாகச் சொல்.

பாயை வீகாவிடமே கொடுத்தனுப்புகிறேன். வந்த பாயைத் திருப்புவது அவமரியாதை என்று பயப்படாதே. நீங்கள் எனக்குத் தந்தது என்னுடையது, என்னுடையதை நான் யாருக்கும் தரலாம். ஃபுசியை உட்காரவைத்து அவள் முன்னால் அதை விரி. பெட்டியில் மடித்து வைத்த துணிகளை அவள் எடுத்து வெளியே வைக்கும்வரை பக்கத்திலேயே இரு. அத்தை தம்பி மகளிடம் பாய் வைத்து மன்னிப்புக் கேட்டதாக நம் ஊரில் யாரும் கேள்விப்பட்டதில்லை. இனிக் கேள்விப்படட்டும்.

கர்த்தர் உன்னையும் லிசியாதேவையும் பிள்ளைகளையும் காக்கட்டும். உன் வீட்டு அடுப்பில் நாலு பேருக்கும் சேர்த்தே சமையல் ஆகட்டும்.

விளையாட ஒருவரும் வரவேண்டாம், நான் அதைக் கேட்கவில்லை. ஆனால் வருகிற சனிக்கிழமை இரண்டு மணிக்கு எப்போதும்போல் போனைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருப்பேன். ஃபுசி கப்பலில் ஏறவில்லை, வீட்டில்தான் இருக்கிறாள் என்று நீ ஒரே ஒரு வரி எழுதினால் போதும். அவளே எழுதுவதாக இருந்தால், என்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டுமென்று அவளுக்குத் தெரியும்.

உன் மன்னிப்பைக் கேட்டு நிற்கும்,
தெலேசியா