சாம்பல் விழுந்த பம்பர்

எதிர் வீட்டு முருகேசன் இன்று காலை தன் பழைய காரின் முன்பக்கத்தைச் செய்தித்தாள் ஒட்டி மறைத்துவிட்டு, பம்பருக்கு மட்டும் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான். இந்தக் காலத்துப் பம்பர் வெறும் பிளாஸ்டிக். பிரஷ் கூட வேண்டாம். டப்பாவைக் குலுக்கி அழுத்தினால் புஸ்ஸென்று அடிக்கிறது. ஆனால் நெடி மட்டும் அதே நெடிதான். அடுக்களை வரைக்கும் வந்துவிட்டது. எனக்கு மட்டும் பொங்குகிற ஒரு பிடி அரிசியைக் களைந்துகொண்டிருந்தவள், அப்படியே வைத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றேன்.

"எங்க வீட்டுக்காரரும் ஒரு கார் வெச்சிருந்தாரு. பம்பருக்கு அவரே பெயிண்ட் அடிப்பாரு" என்றேன்.

"அப்படிங்களாம்மா" என்று சொல்லிவிட்டு மறுபடி டப்பாவைக் குலுக்கப் போய்விட்டான். தப்பில்லை, அவனுக்கு வேலை இருக்கிறது. மீதியை உங்களிடமே சொல்லிவிடலாம் என்று உள்ளே வந்து உங்கள் படத்துக்கு எதிரே உட்கார்ந்துவிட்டேன். உங்களிடம் இத்தனை காலம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றும் இதில் இருக்கிறது.

கல்யாணமாகி நெய்வேலிக்கு வந்த புதிதில் நான் பட்ட பாடு உங்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. தெரிந்துகொள்ளுகிற அளவுக்கு நீங்கள் வீட்டில் விழித்திருந்ததில்லை. மைன்ஸ் ஒர்க்ஷாப்பில் ஃபோர்மேன். ஷிப்டுக்குப் போனால் நான் தனி. திரும்பி வந்தால் தூங்குவீர்கள், அப்போதும் நான் தனி. வரிசையாக ஒரே அச்சில் வார்த்த குவார்ட்டர்ஸ். கடைக்குப் போய்த் திரும்பினால், கொடியில் கிடக்கிற என் புடவையைப் பார்த்துத்தான் நம் வீடு எது என்று கண்டுபிடிப்பேன். பிளாக்கில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு ஜில்லா. எல்லாரும் நல்லவர்கள்தான். ஆனால் யாரைப் பார்த்தாலும் எப்போது ஊருக்குப் போகிறோம் என்பதுதான் பேச்சு. எனக்கு மாயவரத்தில் அண்ணன் வீடு. அதை நினைத்துக்கொண்டு பகலெல்லாம் உட்கார்ந்திருப்பேன்.

நிலக்கரி எரித்துக் கரண்ட் எடுக்கிற தெர்மலில் புகைபோக்கிகள் எழும்பிய பிறகு, பெண்களாகிய எங்களுக்கு ஒரு புது வேலை வந்தது. காற்றைப் பார்ப்பது. கோடையில் காலை முழுக்கக் காற்று சாதுவாக இருக்கும். உச்சி வெயில் சாய்ந்ததும் தெற்கே இருந்து திரும்பும். திரும்பியதும் பொடிச் சாம்பல் இறங்கும். அதற்குள் கொடித் துணியை எடுத்து, வடகத்தை உள்ளே கொண்டுபோய்விட வேண்டும். யாராவது ஒருத்தி "காத்து திரும்பிடுச்சு" என்று குரல் கொடுத்தால் போதும், தெருவே எழுந்து ஓடும். கைக்குழந்தைக்காரி கூடக் குழந்தையை விட்டுவிட்டுத் துணிக்கு ஓடுவாள். டவுன்ஷிப்பில் இது தெரியாத ஆள் கிடையாது.

அந்தக் காலத்தில்தான் நீங்கள் அந்தக் காரை வாங்கிக்கொண்டு வந்தீர்கள். நெல்லிக்குப்பத்தில் யாரோ ஒரு கரும்பு வியாபாரி ஓட்டித் தீர்த்த வண்டி. ஆலை வாசலில் கரும்பு வண்டிகளுக்கு நடுவே நின்று நின்று, மாட்டு வண்டியின் அச்சாணிகள் உரசி, முன் பம்பர் முழுக்கக் கீறல். நிக்கல் பூச்சு உரிந்து, மிச்சம் இருந்ததும் பழுப்பேறிப் போயிருந்தது. "இஞ்சின் தங்கம்" என்றீர்கள். "தங்கம் உள்ளே இருக்கட்டும், வெளியே பல் விழுந்த கிழவன் மாதிரி இருக்கே" என்றேன். உங்களுக்குச் சிரிப்பு வந்தது. என் பேச்சுக்கு நீங்கள் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அந்தக் கோடையில்தான் அண்ணன் நேரில் வந்து விஷயத்தைச் சொன்னார். நான் கல்யாணத்துக்கு முன்பு டீச்சர் டிரெய்னிங் முடித்து எழுதிப் போட்டிருந்த வேலை, மாயவரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிடைத்துவிட்டது. ஜூனில் பள்ளி திறக்கும்போது சேர வேண்டும். சேர்ந்தால் நான் அங்கே, நீங்கள் இங்கே. எனக்கு வேலைக்குப் போக ஆசை இருந்தது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் நீங்கள் என்ன சொல்லப்போகிறீர்கள் என்று, காபி டம்ளரை ஆற்றுகிற சாக்கில் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்ல வேலை. பர்மனென்ட்" என்றீர்கள். அவ்வளவுதான். கான்ட்ராக்டிலேயே காலம் தள்ளுகிறவர்கள் நிறைந்த ஊரில் அந்த ஒரு வார்த்தைக்கு மேல் யாரும் பேச முடியாது.

அண்ணன் போன பிறகு, "பெட்டி படுக்கையோட பஸ்ஸுல அல்லாட வேண்டாம். நானே கார்ல கொண்டுபோய் விடறேன்" என்றீர்கள். "ஆனா இந்தப் பம்பரோட உங்க அண்ணன் வாசல்ல நிறுத்த முடியாது. அதை மட்டும் ஒழுங்கு பண்ணிக்கிறேன்."

நியாயமாகத்தான் பட்டது. அடுத்த ஆஃப் நாளில், உப்புத்தாளை வைத்துக்கொண்டு காலை முழுக்கத் தேய்த்தீர்கள். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தீர்கள். ரெட் ஆக்சைடு பூசிக் காயவிட்டீர்கள். நான் பக்கத்தில் முக்காலி போட்டு முருங்கைக்கீரை உருவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மோர் கேட்டீர்கள், கொடுத்தேன். ஒர்க்ஷாப்பில் யார் யாரோடு சண்டை என்று கதை சொன்னீர்கள். உங்களுக்கு அவ்வளவு பேசத் தெரியும் என்பதே எனக்கு அன்று தெரிந்த செய்தி.

சாப்பிட்டுவிட்டு வந்து சில்வர் பெயிண்ட் டப்பாவைத் திறந்தீர்கள். நான் கொடியிலிருந்து துணிகளை எடுத்துக்கொண்டிருந்தேன். பளபளவென்று அடித்து முடித்துப் பின்னால் நகர்ந்து பார்க்கிறீர்கள், காற்று திரும்பிவிட்டது. ஈரப் பெயிண்டின் மேல் ரவை தூவின மாதிரி சாம்பல்.

"மைன்ஸுல அத்தனை பேரை மேய்க்கிறீங்க, ஒரு காத்து தெரியாதா?" என்றேன்.

"காயட்டும், பாக்கலாம்" என்றீர்கள். எதற்கும் நீங்கள் சொல்வது அதைத்தான்.

காய்ந்ததும் தேய்த்து எடுத்து, அடுத்த ஆஃபில் மறுபடி அடித்தீர்கள். மறுபடியும் சாப்பாட்டுக்குப் பிறகு. மறுபடியும் சாம்பல். "அதைக் கழட்டி உள்ளே கொண்டுவந்து அடிக்கக் கூடாதா?" என்று கேட்டேன். "போல்ட்டெல்லாம் துரு. கழட்டினா ஒடைஞ்சுடும்" என்றீர்கள். யானைக் கூட்டம் மாதிரி நிற்கிற மண் வெட்டும் மிஷின்களின் போல்ட்டையெல்லாம் கழற்றி மாட்டுகிற மனிதர்! சரி, ஒர்க்ஷாப் கூரைக்குக் கீழே வைத்து அடிக்கலாமே என்றால், "கம்பெனி எடத்துல சொந்த வேலை செய்யக் கூடாது" என்று விறைத்துக்கொண்டீர்கள். பள்ளி திறக்க நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது தடவையும் சாம்பல் விழுந்தபோது எனக்கு நிஜமாகவே கோபம் வந்து, அன்று முழுக்க உங்களோடு பேசவில்லை.

மறுநாள் பக்கத்து வீட்டு அஞ்சலை வந்தாள். கம்மாபுரத்துக்காரி, அவர்கள் நிலம் மைன்ஸுக்குப் போய், புருஷனுக்கு அதில் வேலை கிடைத்து, நம் பிளாக்குக்கு வந்தவர்கள். கதவருகிலேயே நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

"யக்கா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சிக்காத. உங்க வூட்டு அண்ணன் மொதல்ல அடிச்ச அன்னிக்கே எங்கிட்ட வந்து கேட்டுச்சு, காத்து எந்நேரத்துக்குத் தெக்கேர்ந்து திரும்புதுன்னு. காலைலயே அடிச்சிடுங்க, சோத்து நேரத்துக்கு மேல வேணாம்னு சொன்னேன். தலையாட்டிக்கினே போச்சு. பாத்தா, ஒவ்வொரு வாட்டியும் சாப்ட்டு வந்துதான் டப்பாவத் தொறந்துகினு குந்திகினு இருக்குது."

எனக்குப் புரியவில்லை.

"அது பம்பருக்குப் பெயிண்ட் அடிக்கலக்கா. உன்னப் போவ வுடாம வேல பண்ணிகினு இருக்குது. எங்க வூட்டு ஆளு எனக்காவ ஒரு சொம்புத் தண்ணி வீணாக்குமா?" என்று சொல்லி, அவள் பாட்டுக்குப் போய்விட்டாள்.

நான் அடுக்களையில் போய் உட்கார்ந்துகொண்டேன். முதலில் ஆத்திரம் வந்தது. அப்புறம் சந்தோஷம் வந்தது. சும்மா சொல்லவில்லை, கன்னமெல்லாம் சூடாகிற மாதிரி சந்தோஷம். அப்புறம் மறுபடி ஆத்திரம். போகாதே என்று ஒரு வார்த்தை. வாயைத் திறந்து அதைச் சொன்னால் என்ன குறைந்துவிடும் உங்களுக்கு?

அன்று சாயங்காலம் நீங்கள் வந்ததும் கேட்டேன். "நான் போகட்டுமா, வேண்டாமா? சொல்லுங்க."

நீங்கள் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே நின்றீர்கள். "நீ படிச்சுக் கெடைச்ச வேலை. அதுல நான் என்னத்தச் சொல்றது?" என்றீர்கள். கொஞ்சம் பொறுத்து, "அடுத்த ஆஃப்ல பெயிண்ட் நல்லா வந்துட்டா கிளம்பிடலாம்" என்றீர்கள். சொல்லிவிடுவீர்கள் என்று அவ்வளவு நம்பிக்கொண்டு நின்றேன். சொல்லவில்லை.

எனக்கு வீம்பு வந்துவிட்டது. வாயால் சொல்லாத மனுஷனுக்காகப் பெயிண்ட் டப்பா பேசுவதை நான் ஏன் கேட்க வேண்டும்? மறுநாள் நீங்கள் காலை ஷிப்டுக்குப் போனதும் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினேன். நீங்கள் தேய்த்ததைப் பார்த்திருந்தேன், அதே மாதிரி தேய்த்தேன். துடைத்தேன். காற்று அசையாத நேரம் பார்த்து, ஒரே கையாக, ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும் அடித்தேன். காற்று திரும்பும் நேரத்துக்கு முன்பே, நாலு பக்கமும் குச்சி நட்டு என் பழைய புடவையைச் சுற்றிக் கட்டி, மேலேயும் மூடிவிட்டேன். பெயிண்டில் படாமல் கட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அஞ்சலை வேலிக்கு அந்தப்பக்கம் நின்று பார்த்தாள். அன்று அவள் சிரிக்கவில்லை.

ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வந்தீர்கள். நான் புடவையை அவிழ்த்துக் காட்டினேன். ஒரு காலைத் தரையில் ஊன்றி, சைக்கிளை விட்டு இறங்காமலே பார்த்தீர்கள். நிமிர்ந்து தெற்கே புகையைப் பார்த்தீர்கள். பிறகு இறங்கி வந்து, விரலின் பின்பக்கத்தால் பம்பரைத் தொட்டுப் பார்த்தீர்கள்.

"நல்லா வந்திருக்கு" என்றீர்கள். "ஒரு கோடு கூட இல்ல."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் டப்பாவை அந்தப் பக்கம் வீசியிருப்பேன். நீங்கள் கை கழுவிவிட்டு வந்து சோற்றுக்கு உட்கார்ந்தீர்கள். இரண்டாம் தடவை குழம்பு கேட்கவில்லை.

மாயவரத்தில் அண்ணன் காரைச் சுற்றி வந்து பார்த்தார். "பம்பர் புதுசா மாப்ளே?" என்று கேட்டார். "உங்க தங்கச்சி அடிச்சது" என்றீர்கள். அவர் வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துக்கொண்டார். சாப்பிட்டதும் கிளம்பிவிட்டீர்கள். நான் வாசலில் நின்றேன். தெரு முனையில் வண்டி நின்றது. நீங்கள் இறங்கி முன்னால் போய், தோள் துண்டை எடுத்து அந்தப் பம்பரைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. ரொம்ப நேரம் துடைத்தீர்கள். ஓடி வந்து ஏறிக்கொள்ளலாமா என்று கால் துடித்தது. அண்ணி பின்னாலேயே நின்றாள். நீங்கள் ஏறிப் போய்விட்டீர்கள்.

அந்த ஒரு வருஷம் எப்படிப் போனது என்பதை இரண்டு பேருமே பிறகு பேசியதில்லை. பகலில் பிள்ளைகள் சத்தம் இருக்கும். பொழுது சாய்ந்ததும் அண்ணன் வீட்டு மாடியில் நின்று வடக்கே பார்ப்பேன். அங்கிருந்து பார்த்தால் நெய்வேலி தெரியவா போகிறது? முழுப் பரீட்சை முடிந்ததும் பர்மனென்ட் வேலையை விட்டுவிட்டுப் பெட்டியோடு பஸ் ஏறினேன். டவுன்ஷிப்பிலேயே பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன் என்றாலும், அன்று அது நிச்சயமில்லை. அண்ணன் என்னைப் பைத்தியம் என்றார்.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்து பெட்டியை வாங்கிக்கொண்டீர்கள். ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. "இங்கே சாம்பல் எப்படி?" என்று நான்தான் ஆரம்பித்தேன்.

"கொடியில துணிய எடுக்க ஆள் இல்ல" என்றீர்கள், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு. "எல்லா வேட்டியும் சாம்பல்."

வாழ்நாளில் உங்கள் வாயிலிருந்து நான் வாங்கிய காதல் பேச்சு அது ஒன்றுதான். அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் ஒன்றாக இருந்தோம், மகளைப் பெற்றோம், ரிட்டையராகி நெய்வேலிக்குப் பக்கத்திலேயே வடக்குத்து கிராமத்தில் இந்த வீட்டைக் கட்டினோம். அஞ்சலை சொன்னதை மட்டும் நான் உங்களிடம் சொல்லவில்லை. சொன்னால் வெட்கப்படுவீர்கள் என்று வைத்திருந்தேன். வைத்திருந்தது வைத்தபடியே இருக்க, நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். இப்போது சொல்கிறேன்: எனக்குத் தெரியும். அப்போதே தெரியும்.

மாதத்துக்கு ஒரு தடவை சென்னைக்கு மகள் வீட்டுக்குப் போகிறேன். தங்கமான பெண், எனக்கு ஒரு குறை வைப்பதில்லை. இரண்டு நாள் கழித்து, "நான் கிளம்பறேன்டி" என்பேன். "சரிம்மா" என்று அங்கேயே போனை எடுத்து ஆட்டோவுக்குச் சொல்லிவிடுவாள். நான் புடவை மாற்றிக்கொண்டு வருவதற்குள் ஆட்டோ வாசலில் வந்து நிற்கும். பெட்டியைக் கூட அவர்களே தூக்கி வைத்துவிடுவார்கள். யாருக்கும் எதுவும் தாமதமாவதில்லை. இவளைப் போகவிடக் கூடாது என்று வெயிலில் குந்திக்கொண்டு மூன்று தடவை பெயிண்டைப் பாழாக்கிய மனிதர் ஒருவர் இருந்தார் என்பது அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. ஏறி உட்கார்ந்துகொண்டு, கொஞ்சம் பொறுத்து, "போகலாம்ப்பா" என்கிறேன்.