சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள்

புதன், இரவு.

தேயிலை ஃபேக்டரியில் எடை எழுதும் வேலைக்குப் போன வாரம் இன்டர்வியூ. "சொல்லி அனுப்புகிறோம்" என்றார்கள். யாரும் அனுப்பவில்லை. அதனால் ஊர்க்காரர்களின் இலை மூட்டைகளோடு எங்கள் மூட்டையையும் ஏற்றிய லாரியிலேயே இன்று நானும் மறுபடி ஏறிப் போனேன்.

மேனேஜர் என்னைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"ஏம்மா, சொல்லி அனுப்பறோம்னு சொன்னமல்ல?"

"சொல்லி அனுப்பினா வழியில தொலைஞ்சு போயிருமுங்க சார். அதான் நானே கையோட வாங்கிட்டுப் போலாம்னு வந்தனுங்க."

லாரி டிரைவர் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். மேனேஜர் சிரிக்கவில்லை.

"உங்க மூட்டை எது?"

காட்டினேன். உள்ளே கைவிட்டு ஒரு பிடி எடுத்தார்.

"முத்தின இலை. திருப்பி எடுத்துட்டுப் போங்க."

விலை விழுந்ததிலிருந்து ஃபேக்டரியில் இலையைத் திருப்புவது புதிதில்லை. ஆனால் அத்தனை மூட்டைகளில் எங்களுடையது மட்டுமா? முத்தியது இலையா, என் வாயா?

வீட்டில் அம்மா மூட்டையைப் பிரித்துக் கிளறிக் கிளறிப் பார்த்தாள். "கொழுந்தாப் பாத்துத்தானே கண்ணு பறிச்சேன்?" மேனேஜரிடம் நான் பேசியதை அவளிடம் சொல்லவில்லை.

சாப்பிடும்போது அவளே ஆரம்பித்தாள். "வேலைதான் இன்னும் முடிவாகலையே, நாளைக்கும் கேக்கப் போவயல்ல, அப்படியே இனி நம்ம இலைய எடுப்பாங்களான்னும் ஒரு வார்த்தை கேட்டுரு. உனக்குத்தான் நல்லாப் பேச வருமே."

தலையாட்டிவிட்டேன். போனால் இலைக்கு ஆபத்து, போகாவிட்டால் வேலை வேறு யாருக்காவது.

என்ன பேசுவதென்று படுக்கையில் சொல்லிப் பார்த்தேன். "வணக்கமுங்க சார்." அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.