சன்னதியில் போட்ட ஜெர்மனிச் சீட்டு

திருத்தணி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள சுசித்ராவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், முழங்கால் மட்டும் அதன் இஷ்டப்படி இருக்கிறது. நீ புனேயில் நல்ல புத்தியோடு இருக்கிறாய் என்று முந்தாநாள்வரை நம்பிக்கொண்டிருந்தேன். போனில் பேசினால் கத்திவிடுவேன், கோபம் வந்தால் வாயை மூடிப் பேனாவை எடு என்று கான்வென்டில் சிஸ்டர்கள் பழக்கியதால் எழுதுகிறேன், உட்கார்ந்து முழுவதும் படி.

வெள்ளிக்கிழமை உன் கோமளவல்லி அத்தை விபூதிப் பொட்டலத்தோடு வந்தாள், முகமெல்லாம் சிரிப்பு. "அண்ணி, முருகனே சொல்லிட்டாரு, ஜெர்மனிதான்" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அதட்டிக் கேட்டபிறகுதான் சொன்னாள், ஒரு சீட்டில் ஜெர்மனி, ஒன்றில் கனடா என்று எழுதிச் சன்னதியில் வைத்து எடுத்துப் பார், அம்மாவுக்குத் தெரியவேண்டாம் என்று நீ போன் செய்தாயாம். இவள் பூ விற்கிற பூவம்மாளைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லியிருக்கிறாள். "எனுக்குத்தான் படிக்கத் தெரியாதே, அதான் நியாயமா எடுப்பேன்" என்று அவளும் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. முப்பத்தொரு வயதில், கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்துகிற நீ, இடம் தருவதாகச் சொன்ன இரண்டு பேராசிரியர்களில் யாரிடம் போய் நாலைந்து வருடம் ஆராய்ச்சி செய்வது என்பதை இப்படியா முடிவு செய்வாய்?

நானும் முருகனைக் கும்பிடுகிறவள்தான். மனிதரால் தெரிந்துகொள்ள முடியாததற்குத்தான் சீட்டு. உனக்கோ ஒரு போன் போதும். அரக்கோணத்துக் கவிப்பிரியா எம்.எஸ்ஸி.யில் உனக்கு சீனியர், அதே ஜெர்மனிப் பேராசிரியரிடம் சேர்ந்து பாதியில் விட்டுவிட்டு வந்து வீட்டில் இருக்கிறாள், அவள் எண்ணும் உன்னிடம் இருக்கிறது. போன மாதம் ஏன் இன்னும் பேசவில்லை என்று கேட்டதற்கு, "அவளால தாக்குப்பிடிக்க முடியலம்மா, அவ்ளோதான்" என்றாய். அது அவள் சொன்னதா? கல்யாண வீட்டுப் பந்தியில் யாரோ சொன்னது. சோதனைக் குழாயில் தெரிந்ததை மூன்று முறை சரிபார்க்கிறவள் இதை மட்டும் அப்படியே எடுத்துக்கொண்டாய்.

உன் அக்கா பிரபாவதிக்கு ஆர்.கே.பேட்டையிலிருந்து வரன் வந்தபோது உன் அப்பா மாப்பிள்ளை வீட்டு வாசலை மிதிக்கவே இல்லை. அவர்களுடைய பவர்லூமில் வேலையை விட்டு நின்றுபோனவர்களைத் தேடிப்போய்ப் பேசினார். இருக்கிறவன் பயந்து பேசுவான், போனவன்தான் உள்ளதைச் சொல்வான் என்பார். "அந்தம்மா சோறு துன்ற நேரத்துல கூட தறிய நிறுத்த உடாதுங்க சார்" என்று மாப்பிள்ளையின் அம்மாவைப் பற்றி ஒருவர் சொன்னாராம். அன்றைக்கே அந்த வரனை விட்டோம். அக்காவுக்காக அவர் அலைந்த அலைச்சலில் கால்வாசி உனக்காக நீ அலைய மாட்டாயா? இங்கிருந்து அரக்கோணம் ஒரு ரயில் தூரம், நானே போய்க் கேட்டுவிடலாம். ஆனால் போகமாட்டேன். சேரப்போகிறவள் நீ.

உள்ளதைச் சொல்லட்டுமா. அந்த ஜெர்மனிப் பெயரை நாலு பேரிடம் சொல்ல உனக்கு ஆசை. அந்த ஆளைப் பற்றி பயமும் இருக்கிறது. கவிப்பிரியாவிடம் பேசினால் ஆசை போய்விடும், பேசாவிட்டால் பயம் போகாது. அதனால் நாளைக்குத் தவறிப்போனால் பழியைப் போட முருகனைக் கூப்பிட்டாய். இந்தக் கோழைத்தனம் எங்கள் இருவரில் யாரிடமிருந்து உனக்கு வந்தது என்று தெரியவில்லை.

கனடாவுக்குப் போ என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கனடாப் பேராசிரியை அம்மாள் போனில் உன்னோடு ஒரு மணி நேரம் வேர்ப்பூஞ்சையைப் பற்றி வாதாடிய அன்று, அதை எனக்குச் சொல்லிச் சொல்லி நீ போனை வைக்கவே இல்லை, இங்கே என் சோறு அடிபிடித்தது. ஜெர்மனிக்காரரிடமிருந்து இதுவரை அவருடைய காரியதரிசிதான் பதில் எழுதியிருக்கிறார். கவிப்பிரியாவிடம் நேராகக் கேள், அவர் மாணவர்களை உட்காரவைத்துப் பேசுகிறாரா, சோதனை தோற்றால் என்ன சொல்கிறார், கட்டுரையில் யார் பெயரை முன்னால் போடுகிறார், முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள். அவள் நல்ல இடம் என்று சொன்னாலும் சொல்வாள், அப்போது ஜெர்மனிக்கே போ. போன இடத்தில் புரியாததற்குத் தலையாட்டாதே, பள்ளியிலிருந்தே உனக்கு அந்தப் புத்தி. செய்ததை அன்றன்றைக்கு எழுது. ஆய்வுக்கூடத்துக்கு வெளியே சிரித்துப் பேச ஒரு சிநேகிதி வைத்துக்கொள். பட்டினி கிடந்து படித்தவர்களுக்கு யாரும் தனியாகப் பட்டம் கொடுப்பதில்லை.

நேற்று வலியோடு ஆட்டோ பிடித்து மலைக்குப் போய், அத்தையிடமிருந்து வாங்கிய சீட்டை உண்டியலில் போட்டுவிட்டேன். இவள் வேலையை இவளே செய்துகொள்வாள், நீ இதில் தலையிடாதே என்று முருகனிடம் சொல்லிவிட்டு வந்தேன். அவன் கோபித்துக்கொள்ள மாட்டான், அத்தைதான் என்னோடு பேசவில்லை.

பிரபாவதி அடுத்த வாரம் இங்கே வருகிறாள், உனக்கும் சேர்த்து மாவடு கொண்டுவரச் சொல்கிறேன். நீ நீண்ட நாள் சுகமாக, தலைநிமிர்ந்து இருக்க அப்பாவின் ஆசியும் என் ஆசியும். இரண்டு பேருக்கும் பதில் சொல்ல வருகிற வெள்ளிதான் கடைசி என்பதை மறக்காதே. அதற்குள் கவிப்பிரியாவிடம் பேசிவிட்டு என்னைக் கூப்பிடு. எந்த ஊரைச் சொன்னாலும் பெட்டி கட்ட நான் புனேக்கு வருகிறேன். ஆனால் ஏன் அந்த ஊர் என்று கேட்பேன், பதில் உன் வாயிலிருந்து வரவேண்டும்.

கோபம் குறையாத உன் அம்மா,
ரத்தினம்மாள்