இரண்டு கைக்குட்டைகள்

அன்புள்ள பெரியவனுக்கு,

இத்துடன் இரண்டு கைக்குட்டைகள் அனுப்பியிருக்கிறேன். நம் ஜன்னல் விளிம்பை ஒவ்வொன்றாலும் ஒரே ஒருமுறை துடைத்தேன். வெள்ளையாக இருப்பது ஊரடங்கு நாளில் துடைத்தது. கரி படிந்தது நேற்று.

"அம்மாவுக்கு வயசாகுதுப்பா, மூச்சு வாங்கத்தான் செய்யும்" என்று போனில் சொன்னாய். அறிவியல் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொன்னதையே உனக்கும் சொல்கிறேன்: சோதனையில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். ஊரடங்கில் அவளுக்கு வயது குறையவில்லை, மருந்தும் மாறவில்லை. வாசலில் பஸ்ஸும் லாரியும் ஓடவில்லை, அவ்வளவுதான். அந்த இரண்டு மாதமும் அவளுடைய இன்ஹேலர் அலமாரியில் தூங்கியது.

நம் இருவர் பேரிலும் உள்ள இந்த வீட்டை விற்றுவிட்டுப் பூங்கா பக்கம் போகலாம் என்று அப்போதே சொன்னால், "அம்மாவுக்குத்தான் சரியாயிடுச்சே" என்று தள்ளிப்போட்டவன் நீ. காதில் பஞ்சடைத்தவனுக்கு எத்தனை நாள் பாடம் நடத்துவது?

நேற்று மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "என்னங்க, இன்னொரு ஊரடங்கு வராதா?" என்று சிரித்தாள். அந்தத் தொற்றில் சொந்த அக்காவைப் பறிகொடுத்தவள் கேட்கிற கேள்வியா இது?

கோபத்தில் என் கையெழுத்து கோணுகிறது. விற்பனைப் பத்திரத்தில் உன் கையெழுத்து எவ்வளவு கோணினாலும் பரவாயில்லை. வந்து போடு.

இப்படிக்கு,
ஜன்னலைச் சாத்திவிட்டு எழுதும்
அப்பா