அண்ணி நின்ற நான்கு நாட்கள்

செப்டம்பர் 8, ஞாயிறு

இதயத்தின் படம் ஒருவழியாக முடிந்தது. அண்ணன் வெளியே போயிருந்தான். அவன் மடிக்கணினி திறந்தபடி இருந்தது. தொடக்கூடாது என்று தெரியும். போன தடவை தொட்டதற்கு என் முதுகில் ஸ்கேல் உடைந்தது. ஆனால் நாளை உயிரியல் வகுப்பில் படத்தைக் கேட்பார்களே. வரைய வரைய மூலையில் ஒரு பெட்டி வந்து மறைத்துக்கொண்டே இருந்தது: புதிய இயங்குதளம் தயார். இப்போதா, பிறகா? படத்தை பென் டிரைவில் ஏற்றியதும், தொலையட்டும் என்று 'இப்போது' அமுக்கினேன். ஒரு மணி நேரம் ஓடி, அணைந்து, தானே எழுந்தது. அண்ணி மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். யாரும் பார்க்கவில்லை.

செப்டம்பர் 9, திங்கள்

இனிமேல் வேதியியல் நோட்டின் கடைசிப் பக்கங்களில்தான் எழுத வேண்டும். யாராவது படித்தால் செத்தேன்.

அண்ணன் ப்ரோகிராம் எழுதுவது ஒரு கறுப்புத் திரையில். கட்டளையை அடித்தால் பதில் வரியாக வரும். இன்று எதை அடித்தாலும் ஒரே பதில்: கருவிகள் இருக்கும் பாதை செல்லாது. இயங்குதளம் மாறியதில், ப்ரோகிராம் எழுத அவன் ஏற்றி வைத்திருந்த மென்பொருள் கருவிகள் ஒன்றும் வேலை செய்யவில்லை.

"யாரு தொட்டது?"

நான் சீருடைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். போட்டுக்கொண்டே இருந்தேன்.

அந்த மேசையைத் தினமும் துடைப்பது அண்ணி. கல்யாணமாகி ஐந்து மாதம்தான். "துடைக்கிறேன் துடைக்கிறேன்னு என் பொழப்பையே துடைச்சுட்டியேடி" என்றான். வெள்ளிக்கிழமை ப்ரோகிராமைக் கொடுத்தால்தான் அவன் வேலை நிரந்தரமாகும்.

"நான் மூடியைக்கூடத் தொடலைங்க."

"அப்போ பேய் வந்து தொட்டுச்சா? இது ஓடற வரைக்கும் நீ உட்காரக் கூடாது. இங்கயே நில்லு."

சும்மா சொல்கிறான் என்று நினைத்தேன். மாலையில் நான் திரும்பி வந்தபோதும் நின்றுகொண்டிருந்தார்.

செப்டம்பர் 10

சமைக்கவும் குளிக்கவும், இரவு அவன் படுத்த பிறகு படுக்கவும் விடுகிறான். மற்ற நேரமெல்லாம் அவன் நாற்காலிக்குப் பக்கத்தில். சாப்பிடுவதும் நின்றபடிதான்.

"கால் வலிக்குதா? எனக்குத் தலை வலிக்குதே, கழட்டிக் குடுத்துடட்டுமா?" என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

ஏன் சிரித்தேன்?

செப்டம்பர் 11

இன்றும் சொல்லவில்லை. அப்பா அவனை நம்பித்தான் என்னை இங்கே படிக்க விட்டிருக்கிறார். வெளியே போடி என்றால் எங்கே போவேன்?

செப்டம்பர் 12, வியாழன்

பள்ளி நூலகக் கணினியில் அந்தப் பிழை வரியை அடித்துத் தேடினேன். எத்தனையோ பேருக்கு இதே புலம்பல்! பழைய கருவிகள் இருக்கும் கோப்புறையை முதலில் அழிக்க வேண்டும், பிறகு புதிதாக நிறுவ வேண்டும். அண்ணன் அழிக்காமல் அதன் மேலேயே நிறுவிக்கொண்டிருக்கிறான். கோபத்தில் எதையும் வாசிப்பதில்லை. இரண்டே இரண்டு கட்டளை. உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

வீட்டில் அவன் இல்லை. அவகாசம் கேட்க மேலாளரைப் பார்க்கப் போயிருந்தான். ஆளில்லாத நாற்காலிக்குப் பக்கத்தில் அண்ணி நின்றுகொண்டிருந்தார். பாதம் வீங்கி, செருப்பின் வார் சதைக்குள் அழுந்தியிருந்தது.

"உட்காருங்க அண்ணி. அவன்தான் இல்லையே."

"வந்து கேட்டார்னா? எனக்குப் பொய் சொல்ல வராதும்மா."

எனக்கு வரும்.

முதல் கட்டளைக்கே கடவுச்சொல் கேட்டது. முழித்தேன். அண்ணி ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். "நாலு நாளா பக்கத்துலயே நிக்கிறேன். விரல் எங்க போகுதுன்னு தெரியாதா?" அந்தத் திரையில் கடவுச்சொல் அடித்தால் ஒரு புள்ளிகூட விழாது. இருட்டில் நடப்பது மாதிரி அடித்தேன். பழையது அழிந்தது. புதியது இறங்க அரை மணி நேரம். நிபந்தனைகளுக்குச் சம்மதம் கேட்டது, கொடுத்தேன். பிறகு ஒரு கட்டளை அடித்துப் பார்த்தேன். பிழை இல்லை.

அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

இத்தோடு முடிந்திருந்தால்!

அண்ணன் வந்து மேல்நோக்கிய அம்புக்குறியை அமுக்கினான். நான் அடித்த கட்டளைகள் ஒவ்வொன்றாக வந்தன. அந்தத் திரை எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருக்கும் என்று எனக்குத் தெரியாது.

"யாரு சரி பண்ணது?"

நான் என்றால், உனக்கு எப்படித் தெரியும் என்று தோண்டுவான். தோண்டினால் ஞாயிற்றுக்கிழமை வெளியே வரும். நல்ல பெயராவது அண்ணிக்குப் போகட்டும் என்று — சத்தியமா அப்படித்தான் நினைச்சேன் — "அண்ணிதான்" என்றேன்.

அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்போ எல்லாம் தெரியும் உனக்கு. என் பாஸ்வேர்டு வரைக்கும். கெடுத்ததும் நீ. சரி பண்ணத் தெரிஞ்சும் நாலு நாள் நின்னு வேடிக்கை பார்த்ததும் நீ."

அண்ணி என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவை.

"ஆமாங்க" என்றார்.

பொய் சொல்ல வராது என்றாரே.

செப்டம்பர் 13

அண்ணன் போன் பண்ணி, அண்ணியின் அப்பா வந்து கூட்டிப்போனார். "என் பொண்ணு என்னதான் தம்பி செஞ்சா?" என்று இரண்டு தடவை கேட்டார். "அவளையே கேளுங்க" என்றான், தட்டச்சு செய்தபடியே. பெட்டியை வாசல் வரை நான்தான் தூக்கிப் போனேன். படியிறங்க அண்ணிக்கு வெகுநேரம் ஆனது. என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

செப்டம்பர் 29, ஞாயிறு

அண்ணனுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. "இப்பதான் வீடு வீடா இருக்கு" என்கிறான். சமையல் நான். மேசையைத் துடைப்பதும் நான்.

இன்று துடைக்கும்போது திரையின் மூலையில் அதே பெட்டி: புதிய பதிப்பு தயார், நாளை இரவு தானாக நிறுவப்படும். அண்ணன் போனில் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டே, வாசிக்காமல், 'சரி' அமுக்கினான்.

செவ்வாய்க்கிழமை காலை கேட்பான், யாரு தொட்டதுன்னு.

வீட்டில் இப்போது நாங்கள் இரண்டு பேர்தான்.