சாக்பீஸில் ஒரு கார்

பாலிகிளேர்,
ஜூன் 9, ஞாயிறு

அன்பு மகன் கிளெனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம், மழையும் சுகம். கனடாவில் உன் நாட்கள் எப்படிப் போகின்றன என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. போனில் கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்கிறாய், நான் சாப்பிட்டாயா என்கிறேன், அத்தோடு முடிந்துவிடுகிறது. மின்னஞ்சல் அனுப்பலாமென்றால் வீட்டில் இருப்பது ஒரே டேப்லெட். அதை உன் அப்பா மூக்கோடு ஒட்டி வைத்துக்கொண்டிருக்கிறார். அதனால்தான் தபால்தலை வாங்கினேன். இந்தக் கடிதம் எழுதுவது அவருக்குத் தெரியாது.

சின்னச் செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். பள்ளிச் சமையலறையில் இந்த மாதத்தோடு வேலை முடிகிறது, இனி செப்டம்பரில்தான். பக்கத்து வீட்டு ஐரீனின் கோழிகள் என் பீன்ஸ் நாற்றை அடியோடு கிளறிவிட்டன. அவள் முட்டை கொண்டுவந்து மன்னிப்புக் கேட்டாள். முட்டையை வாங்கிக்கொண்டேன், மன்னிப்பைப் பற்றி இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இனி பெரிய செய்தி. உன் அப்பா கார் கட்டப்போகிறார். வாங்கப்போகிறார் இல்லை, கட்டப்போகிறார். மோட்டார் சைக்கிள் எஞ்சின் வைத்து, கூரை இல்லாமல், இரண்டு பேர் உட்காருகிற தாழ்வான கார். அரசாங்கச் சோதனையில் தேறி, எண் பலகை மாட்டி, சாலையில் சட்டப்படி ஓட வேண்டுமாம். சோதிக்க வருகிறவர் கைபட்டால் கீறுகிற விளிம்பு ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பாராம். அதைப் படித்ததிலிருந்து இவர் வீட்டிலுள்ள மேசை முனைகளையெல்லாம் தடவிப் பார்த்துக்கொண்டு திரிகிறார்.

இப்போதைக்குக் கார் சாக்பீஸில்தான் இருக்கிறது. கராஜின் தரையில் முழு அளவில் வரைந்து வைத்திருக்கிறார். என் சமையலறை நாற்காலி ஒன்றின் கால்களை அறுத்து அதன் நடுவில் வைத்திருக்கிறார், அதுதான் இருக்கை. துடைப்பக் கம்பின் நுனியில் என் கேக் டின்னின் மூடி, அதுதான் ஸ்டியரிங். இரண்டையும் என்னைக் கேட்காமல் எடுத்தார். கொஞ்ச நாள் அவர் டீயை அவரே போட்டுக்கொள்ளும்படி ஆயிற்று.

எந்த எஞ்சின் என்று நீ கேட்கமாட்டாய், நானே சொல்கிறேன். உன் பந்தய பைக்கினுடையதுதான். காயலான் கடையில் போடு என்று நீ சொல்லிவிட்டுப் போனாய், அவர் போடவில்லை. வண்டியின் மற்ற பாகமெல்லாம் போய்விட்டது, எஞ்சின் மட்டும் தார்ப்பாய்க்கு அடியில் இருந்தது. இந்த இடத்தில் நீ கடிதத்தைக் கிழித்துப் போடாமல் இருந்தால் மேலே படி.

கார் தனக்காகத்தான் என்று சொன்னார். ஓய்வு பெற்ற மனிதன் எதையாவது நோண்டிக்கொண்டிருந்தால் உனக்கென்ன என்று என்னையே கேட்டார். நானும் நம்பினேன். ஆனால் நாற்காலிக்கு இருபுறமும் அவர் போட்டிருந்த கோட்டைப் பார்த்தபோது சிரிப்பு வந்தது. அந்த அகலத்துக்குள் உன் அப்பாவில் பாதிதான் அடங்கும். சொன்னேன். உருளைக்கிழங்கைக் குறைக்கப்போகிறேன் என்றார். உருளைக்கிழங்கைக் குறைத்த ஆளை இந்த ஆன்ட்ரிம் மாவட்டத்திலேயே நான் இதுவரை பார்த்ததில்லை.

பிறகு பெடல்களைப் பார்த்தேன். பிரேக் ஒன்று, ஆக்ஸிலேட்டர் ஒன்று, இரண்டும் வலது காலுக்கு. கிளட்ச் எங்கே என்றால், பைக்கில் அது கையில்தானே இருக்கிறது, கியர்க் கம்பியிலேயே பிடியாக வைத்துவிட்டால் போகிறது என்றார். அதுவும் நியாயம்தான். இடது பக்கம் மட்டும் ஒரு கால் முழுக்க நீட்டி வைக்கிற அளவுக்கு வெறும் பள்ளம் வரைந்திருந்தார். இது எதற்கு என்றேன். "காத்து வர" என்றார். கூரையே இல்லாத காருக்குக் காற்று வரப் பள்ளமாம். நான் உள்ளே வந்துவிட்டேன்.

மோட்டார் சைக்கிள் எஞ்சினில் ரிவர்ஸ் கியர் கிடையாது என்பது உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கார் ஓர் எடைக்குக் கீழே இருந்தால் அது இல்லாமலே சோதனையில் தேறலாமாம். மெர்வின் மாமா கட்டி வைத்திருக்கிற கார் அப்படித்தான். போன மாதம் தேவாலயத்துச் சுவரைப் பார்த்து அதை நிறுத்திவிட்டார். ஆராதனை முடிந்ததும் ஊரே வேடிக்கை பார்க்க, அவர் மனைவி பேர்ல் தொப்பியும் குதிகால் செருப்புமாக நின்று தள்ளினாள். இருந்தாலும் அவர்களுடைய பைக் கிளப்பில் ரிவர்ஸ் கியர் வைக்க ஒருவரும் மசியவில்லை. வாழ்நாள் முழுக்கப் பைக் ஓட்டியவர்களுக்கு வண்டி பின்னால் போவதென்றால் காலை ஊன்றித் தள்ளுவதுதான், வேறு வழி இருப்பதே நினைவுக்கு வராது. உன் அப்பாவும் இறங்கித் தள்ளினால் ஆயிற்று என்றார். போல்ட்டில்கூடத் துளை போட்டு எடை குறைப்பேன் என்கிற மனிதர், ரிவர்ஸ் கியரையா சுமப்பார்?

போன செவ்வாய்க்கிழமை, சாயங்காலச் சாப்பாடு முடிந்து நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். வெளியே நல்ல வெளிச்சம். கராஜ் கதவு திறந்திருந்தது. உன் அப்பா ஒரு பலகையைத் தன் இடது காலோடு சேர்த்து, தொடையிலிருந்து கணுக்கால்வரை, இரண்டு பெல்ட்டால் இறுக்கிக் கட்டியிருந்தார். அந்த முழங்கால் மடங்கக் கூடாது என்று கட்டியிருந்தார், கிளென். அப்படியே அந்த நாற்காலியில் உட்கார்ந்து, எழுந்திருக்கப் பார்த்தார். வெகுநேரம் முயன்று எழுந்துவிட்டார். பிறகு மணல் மூட்டை ஏற்றிய தள்ளுவண்டியைக் கார் என்று வைத்துக்கொண்டு பின்னால் தள்ளினார். அது கொஞ்சம் நகர்ந்தது. கால் வழுக்கி விழுந்தார்.

நான் கதவுவரை ஓடி, நின்றுவிட்டேன். அடி ஒன்றும் படவில்லை. காலை நீட்டியபடி சாக்பீஸ் கோடுகளின் நடுவில் உட்கார்ந்திருந்தார். நான் பார்த்தது தெரிந்தால் அவரால் தாங்க முடியாது. திரும்பி வந்து குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். காலையில் போய்ப் பார்த்தால், பின்பக்கக் கோடுகளை ஈரத்துணியால் அழித்துவிட்டு, ரிவர்ஸ் கியர்ப் பெட்டிக்கு இடம் வரைந்திருந்தார்.

மெர்வின் மாமா வந்தவர் அதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "என்னடா வெஸ்லி, போல்ட்ல ஓட்டை போடுறவன் இப்ப காசு குடுத்து இரும்பு வாங்கி வைக்கிறியா? எறங்கித் தள்ளக்கூடத் தெம்பு இல்லையா?"

"ஆமாடா, தெம்பு இல்ல" என்றார் உன் அப்பா, தலை நிமிராமல்.

அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. மெர்வின் மாமா நாற்காலியைப் பார்த்தார், பெடல்களைப் பார்த்தார், இடது பக்கத்துப் பள்ளத்தைப் பார்த்தார். பிறகு தன் மேல்கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

நீ மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். பந்தயத்தில் விழுந்து ஆஸ்பத்திரியில் நீ கண் திறந்ததும் அவர் உன்னிடம் கேட்டது "வண்டிக்கு என்னடா ஆச்சு?" என்றுதான். அன்றிலிருந்து நீ அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. உன்மேல் நான் குற்றம் சொல்லவில்லை. எனக்கே அன்று அவரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளத் தோன்றியது. ஆனால் கூட வாழ்ந்தவள் சொல்கிறேன், போர்வைக்கு அடியில் இருந்ததைக் கேட்க அவருக்குப் பயம். வண்டி உடைந்தால் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியும். மகன் உடைந்தால் தெரியவில்லை.

ஜூலை பன்னிரண்டு விடுமுறை முடிந்ததும் இரும்புக் குழாய்களை வெட்டப்போகிறார்கள். பற்றவைத்துவிட்டால் இந்த மாதிரிக் காரில் இருக்கை முன்னே பின்னே நகராதாம். ஒருவர் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை போலத்தான். உன் பந்தய உடுப்பின் கிழிசலையெல்லாம் தைத்தவள் நான், அந்த அளவுகள் எனக்கு மனப்பாடம். ஆனால் அது விழுவதற்கு முன்னால் இருந்த கால். உன் இப்போதைய அளவு இந்த வீட்டில் யாரிடமும் இல்லை.

*

புதன்கிழமை

எழுதியதை ரொட்டி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். இன்று ரொட்டி எடுக்கப்போனவர் பார்த்துவிட்டார். நின்றபடியே முழுக்கப் படித்தார். கோபப்படவில்லை. தோட்டத்துக்குப் போய் ஐரீனின் கோழிகளைக் கொஞ்ச நேரம் விரட்டிவிட்டு உள்ளே வந்தார்.

"அளவு எங்கேருந்து எங்க எடுக்கணும்னு உனக்குத் தெரியாது, ஹேசல். கீழ எடம் விடு. நான் எழுதுறேன்" என்றார்.

அதனால் இடம் விட்டிருக்கிறேன். பென்சிலில்தான் எழுதுவார், கோழி கிளறின மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள். அவர் கேட்கிற அளவை எடுத்து அவர் பெயருக்கே அனுப்பு, எனக்கு வேண்டாம். நேரில் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்து காட்டினால் அளவு இன்னும் சரியாக இருக்கும் என்பது என் அபிப்பிராயம். என் அபிப்பிராயத்தை இந்த வீட்டில் யார் கேட்கிறார்கள்? பனிக்காலத்துக்கு முன் நல்ல பூட்ஸ் வாங்கிக்கொள். போகிற வழியெல்லாம் கர்த்தர் உனக்கு முன்னும் பின்னும் துணையிருக்கட்டும்.

என்றும் உன்னை நினைக்கும்
அம்மா


கிளென்,
கால் எப்படிடா இருக்கு?
அப்பா